குடை குத்திய பாலம்

எங்கள் மாமா எதையும் குத்திப் பார்க்காமல் நம்பியதில்லை. சந்தையில் புளிக் குவியலைக் கண்டால் குடைமுனையால் ஒரு குத்து. நெல் மூட்டைக்கு ஒரு குத்து. வைக்கோல் படப்பு, வாழைத்தார், வண்டிக்குள் விரித்த மெத்தை, ஒன்றும் அந்தக் குடைக்குத் தப்பியதில்லை. பந்திக்கு வடித்துக் கொட்டிய சோற்றை மட்டும் விரலால் குத்துவார். அந்த மட்டுக்கும் ஆசாரம் உண்டு. டவுணில் ஒரு வக்கீலிடம் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்ததில் வந்த வியாதி அது. கட்சிக்காரன் சொல்வதும் பொய், எதிர்க்கட்சிக்காரன் சொல்வதும் பொய், நடுவில் நாமே குத்திப் பார்த்துத் தெரிந்துகொள்வது ஒன்றுதான் மெய் என்பது அவருடைய சித்தாந்தம்.

அவர் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவருடைய ஒரே மகளைத்தான் எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தது என்று நான் சொல்கிறேன். மாமா அப்படிச் சொல்லமாட்டார். நான் அப்போது ரோட்டு இலாகாவில் ஓவர்சியர், ஆனால் ஆக்டிங். உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை. நாள் பார்க்கலாமா என்று அம்மா ஆள் விட்டுக் கேட்டதற்கு அவர் சொல்லியனுப்பிய பதில் எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

"மருமவன் உத்தியோகம் ஆக்டிங்கா இருந்துட்டுப் போட்டும். எம் மக ஆக்டிங் மக இல்ல. உத்தரவு கைக்கு வரட்டும், அப்புறம் நாள் பாப்போம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபப்பட்டு என்ன செய்ய? அந்தப் பெண்ணை நான் மூன்று தடவைதான் நேராகப் பார்த்திருந்தேன். மூன்றாவது தடவை அவள் என்னைப் பார்த்துச் சிரித்தும் தொலைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வேறு வீட்டில் போய் பஜ்ஜி சொஜ்ஜி தின்ன எனக்கு மனசு வரவில்லை. இதையெல்லாம் வெளியே சொல்லுகிற காலமும் அது இல்லை. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தேன்.

உத்தரவு போடவேண்டியவர் எஞ்சினியர் துரை. சீமைக்கு லீவில் போனவர் திரும்பி வரும்போது ஒரு புதுப் பைத்தியத்தோடு வந்து இறங்கினார். செங்கல் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், வளைவு கட்டவும் வேண்டாம். இரும்புக் கம்பியை வலையாகப் பரப்பி, சிமெண்டும் மணலும் ஜல்லியும் கலந்து அதன்மேல் கொட்டினால் ஒரே பலகையாகப் பாலம் நிற்கும் என்றார். காங்கிரீட் என்று நாங்களும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம், சுண்ணாம்பையும் செங்கல் ஜல்லியையும் சேர்த்து இடித்துப் போடுகிற தளத்துக்கு. இது வேறு சரக்கு. சிமெண்டு தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி, பீப்பாய் பீப்பாயாக ரயிலில் வந்து சேர்ந்தது. பார்ப்பதற்கு விபூதிதான். ஒரு கிழவர் ஸ்டேஷனில் சிந்தியதை எடுத்துப் பூசிக்கொண்டு நெற்றி எரிகிறது என்று சண்டைக்கு வந்தார்.

டவுணுக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகிற ஒரு கால்வாய்மேல் பழைய வண்டிப்பாலம் இடிந்து கிடந்தது. எட்டடி இடைவெளி. புதுச் சரக்கில் முதல் பாலம் அங்கேதான் என்று துரை அதை என் தலையில் கட்டினார். முப்பதாம் நாள் தானே வந்து மணல் மூட்டை ஏற்றி, ரோட்டு உருளையையும் மேலே இழுத்துப் பார்ப்பதாகவும், பாலம் நின்றால் அன்றைக்கே என் உத்தரவில் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார். விழுந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கால்வாய் அடைத்திருந்த மாதம் அது. ஆனியில் தண்ணீர் திறப்பார்கள். ஆனியில்தான் கடைசி முகூர்த்தமும். ஆடி பிறந்துவிட்டால் அப்புறம் ஆவணி வரைக்கும் கல்யாணம் என்று வாயைத் திறக்க முடியாது.

வேலைக்கு வந்த கொத்தனார் சாத்தான்குளத்துப் பக்கம், பனங்காட்டு ஊர்க்காரர். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். என்னைவிடப் பத்து வயது மூப்பு. சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுக் குழைத்து அவர் போட்ட தளத்தில் ஆணி இறங்காது. அது அவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், நமக்குத் தெரியாவிட்டால் அவரே உட்காரவைத்துச் சொல்லுவார். நான் புஸ்தகத்தை விரித்து அவருக்கு விதி சொன்னேன். சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, ஜல்லி நாலு பங்கு, தண்ணீர். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் ஒரு சொட்டுக்கூடச் சேரக்கூடாது. அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டம் சரி என்பதற்கா, சின்னப்பயல் சொல்லிவிட்டுப் போகட்டும் என்பதற்கா என்று நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் வேலை. நான் சைக்கிளில் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் பீப்பாய்கள் நிறைந்து தயாராக நின்றன. நான் தேங்காய் உடைத்தேன், அவர் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார், ஆட்கள் கலக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் செம்மண் நிறமாக இருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது பொய் சொல்லமாட்டேன். மலையில் கோடைமழை, ஆற்றில் புதுத்தண்ணீர் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு வாய் அள்ளிக் குடித்திருந்தால் இவ்வளவு கதை இல்லை. பொழுது சாய்வதற்குள் கொட்டி, இடித்து, மட்டம் பார்த்து முடித்தார்கள். கடைசியில் மிச்சத் தண்ணீரைக் கொத்தனார் மேலே பூவாகத் தெளித்தார். எவ்வளவு அக்கறை என்று நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மறுநாள் காலை போய்ப் பெருவிரலை வைத்தேன். விரல் உள்ளே போனது.

புதுச் சரக்கு, ஒருநாள் பொறுப்போம் என்று விட்டேன். இரண்டாம் நாளும் போனது. கொத்தனார் கொத்துக் கரண்டியின் காம்பால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். தளம் தயார் என்றால் கணீர் என்று வரவேண்டும். வந்தது சளக். சீமைச் சாமான் எல்லாம் இப்படித்தான், சுண்ணாம்பாக இருந்தால் இந்நேரம் யானையைக் கட்டலாம் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டார். மூன்றாம் நாள் பாலத்துக்குப் போட்டிருந்த காவல்காரன் எனக்கு எதிரே ஓடிவந்தான். பாலத்தை எறும்பு மொய்க்கிறதாம். போய்ப் பார்த்தால் நிஜம். கரையிலிருந்து பாலத்துக்கு மூன்று சாரை. வெள்ளாமை முடிந்து வேலையில்லாமல் இருந்த ஊர்க்காரர்கள் இரண்டு கரையிலும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் பெயரும் வைத்துவிட்டார்கள், களிப்பாலம் என்று. உளுந்தங்களி கிண்டுகிற ஊரில் வேறு என்ன பெயர் வரும்?

நாலாம் நாள் மாமா வந்தார். ஆற்றில் குளிக்க வந்த இடத்தில் அப்படியே எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். அவர் வீட்டிலிருந்து ஆறு வடக்கே. பாலம் கிழக்கே. கையில் குடை. நான் முன்னால் ஓடி மறித்து, மாமா, இது முப்பது நாள் காயவேண்டிய சாமான், இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பாலம் வெயிலில் வெடிக்காமல் இருக்க மேலே போட்டிருந்த ஈரச்சாக்கை ஓரத்தில் விலக்கினார். குடையைத் தூக்கினார். ஒரு குத்து.

நாலு விரற்கடை இறங்கியது. குடை தானாகவே நின்றது.

மாமா குடையை மெல்ல உருவினார். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு என் வாழ்நாளில் மறக்காத ஒரு காரியம் செய்தார். சுண்டுவிரலால் அதைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"மருமவனே," என்றார் பைய. "இனிக்கி."

அவ்வளவுதான் சொன்னார். குடைமுனையைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். பெண் இல்லை என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

நானும் தொட்டு நாக்கில் வைத்தேன். கருப்பட்டியேதான். கொத்தனாரைக் கூப்பிட்டேன். கத்தவேண்டும் என்றுதான் கூப்பிட்டேன், வந்த சத்தம் அழுகைபோல இருந்தது. அவர் மறைக்கவே இல்லை. கருப்பட்டியும் கடுக்காயும் போடாத காரை ஒரு காரையா, புஸ்தகம் எழுதினவனுக்குப் பனைமரம் தெரியுமா, அவன் ஊரில் கருப்பட்டி இல்லாததால் தண்ணீர் என்று எழுதியிருக்கிறான், இருந்தால் எழுதமாட்டானா என்று என்னையே திருப்பிக் கேட்டார். கருப்பட்டி அவர் சொந்தச் செலவில் ஊரிலிருந்து கொண்டுவந்தது. அதற்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்ற வருத்தம் வேறு அவர் முகத்தில் தெரிந்தது. எத்தனை வட்டுக் கருப்பட்டி போட்டீர் என்று கேட்டேன். எட்டு என்றார். சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தொண்டையைக் கனைத்தார்.

மதராஸில் என்னோடு படித்த ஒருவனுக்கு அன்றைக்கே கடிதம் போட்டேன். அவன் அங்கே இந்தப் புதுச் சரக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நாலே நாளில் பதில் வந்தது. முதல் பக்கம் முழுக்கச் சிரித்திருந்தான். இரண்டாவது பக்கத்தில் விஷயம். சர்க்கரைக்கும் சிமெண்டுக்கும் ஜென்மப்பகை. கொஞ்சமாகச் சேர்ந்தால் நாள் கழித்து இறுகும், இறுகினபின் நன்றாகவே நிற்கும். அளவு மீறினால் மேலே இறுகினதுபோலத் தெரியும், தட்டினால் சத்தமும் வரும், உள்ளே உயிர் இருக்காது, பாரம் ஏற்றினால் பொலபொலவென்று வந்துவிடும். அளவு இன்னது என்று எடைக்கணக்கும் எழுதியிருந்தான். நான் கடைக்குப் போய்ச் சாத்தான்குளத்துக் கருப்பட்டி வட்டு ஒன்றைத் தராசில் போட்டுப் பார்த்தேன். பத்து வட்டு வரைக்கும் பிழைக்கலாம். எட்டு என்பதால் மூச்சு வந்தது.

துரையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கத்தான் வேண்டும். சொன்னால் அன்றைக்கே உடைத்துப் போடச் சொல்லுவார், சீமைக் கம்பியும் சீமை சிமெண்டும் மண்ணாய்ப் போகும், என் உத்தியோகம் அதற்கு முன்னால் போகும், ஆவணியில் அந்தப் பெண் வேறு எவன் வீட்டிலோ குத்துவிளக்கு ஏற்றுவாள். ஆனால் சொல்லாமல் விட்டு, நாளைக்கு நெல் வண்டியும் ஆளுமாகப் பாலம் கால்வாயில் விழுந்தால்? ராத்தூக்கம் போயிற்று. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். தினம் சோதித்துப் பார்ப்பது. இறுகுகிற அடையாளம் தெரிந்தால் பொறுப்பது. பத்து நாளில் தெரியாவிட்டால் நானே துரை பங்களாவுக்கு நடந்துபோய்ச் சொல்லிவிடுவது.

மாமாதான் வழி காட்டியிருந்தாரே. ஆறங்குல ஆணி ஒன்று எடுத்தேன். மாமாவின் குடைத்துளைக்கு ஒரு சாண் தள்ளி, பாலத்தின் ஓரத்தில், கொத்தனார் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு முழு உடம்பையும் சாய்த்து அழுத்துவார். எவ்வளவு இறங்கியது என்று நான் ஆணியில் கீறி அளப்பேன். மறுநாள் இன்னும் ஒரு சாண் தள்ளி. ஒரே ஆணி, ஒரே ஆள், ஒரே நேரம். கொத்தனார் காலையில் சாப்பிடாமல் வந்தால் பாரம் குறையும் என்று என் வீட்டிலிருந்து இட்லி கொண்டுபோய் அவர் தின்று முடித்தபின்தான் அழுத்தச் சொன்னேன். அதில் மட்டும் அவர் விதி தவறவே இல்லை.

ஒன்பதாம் நாள் மூன்று அங்குலம். பத்தாம் நாள் மூன்று. பதினோராம் நாளும் அதே மூன்று. கரையில் பந்தயம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்குத் திருச்செந்தூர் முருகனுக்கு என் தலைமுடியை நேர்ந்துகொண்டேன். வீட்டில் வந்து சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாலம் இறுகி, ஆனியில் கல்யாணம் நடந்தால் மாப்பிள்ளை மொட்டைத்தலையோடு மணையில் உட்காருவதா என்று கேட்டாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணம் முடிந்தபின் வருகிறேன் என்று முருகனிடம் திருத்திச் சொல்லிக்கொண்டேன். கொத்தனார் பங்குக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விஷயத்தைச் சொல்லி, சபை முழுக்க முழங்காலில் நின்று எங்கள் பாலத்துக்காக ஜெபித்ததாம்.

பன்னிரண்டாம் நாள் இரண்டரை. நான் மூன்று தடவை அளந்தேன். பதினாலாம் நாள் ஒன்று. பதினாறாம் நாள் ஆணி நுனி மட்டும் பதிந்தது. பதினேழாம் நாள் ஆணி வளைந்தது. கொத்தனார் வளைந்த ஆணியைத் தூக்கிக் கரையிலிருந்தவர்களுக்குக் காட்டிவிட்டு, கருப்பட்டி என்ன செய்யும் என்று இப்போது தெரிகிறதா என்று கேட்டார். சிமெண்டைப் பதினேழு நாள் தூங்கவைத்ததும் அதே கருப்பட்டிதான் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சாலையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரம் மாமாவிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கார்டு போடுகிற மனிதர். எழுத்தில் இருந்தால்தான் அத்தாட்சி. நலம், நலமறிய அவா, பாலம் இறுகினதாகக் கேள்வி, பாரம் தாங்கிய சேதியும் உத்தரவின் நகலும் கண்டபின் நாள் குறிப்பதாக உத்தேசம் என்று எழுதி, கடைசியில் இடம் மிச்சமிருந்ததாலோ என்னமோ, பெண் சுகம் என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கார்டைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இருபத்தெட்டாம் நாள் அடியில் கொடுத்திருந்த பனங்கட்டை முட்டுகளைத் தட்டி எடுத்தோம். பாலம் தன் பாரத்தைத் தானே தாங்கி நின்றது. தட்டினால் கணீர் என்றது. ஆனால் சத்தத்தை நம்பாதே என்று மதராஸ்காரன் எழுதியிருந்தானே. அது மனசை அரித்துக்கொண்டே இருந்தது.

முப்பதாம் நாள் துரை குதிரைமேல் வந்து இறங்கினார். இரண்டு கரையிலும் திருவிழாக் கூட்டம். முறுக்கு விற்பவன்கூட வந்திருந்தான். மாமா குடையும் கையுமாக முன்வரிசையில் நின்றார். துரை முதலில் பாலத்தின் ஓரம் குனிந்து அந்தத் துளை வரிசையைப் பார்த்தார். ஒரு பெரிய குழி, பிறகு வரிசையாகச் சின்னக் குழிகள், போகப்போக ஆழம் குறைந்து கடைசியில் வெறும் புள்ளி. இது என்ன என்று கேட்டார். போட்ட இடத்திலேயே தினம் இறுக்கம் பார்த்தேன் என்று சொல்லி அளவுகள் எழுதிய நோட்டைக் கொடுத்தேன். பொய் ஒன்றும் இல்லை. துரைக்கு வாயெல்லாம் பல். சீமையிலேகூட இவ்வளவு சிரத்தையாக ஒருவரும் செய்து தான் பார்த்ததில்லை என்றார். பிறகு முதல் குழியில் விரலை விட்டு, இது எந்தக் கருவியால் என்று கேட்டார். மாமா தயங்காமல் முன்னால் வந்து குடையை இரண்டு கையாலும் நீட்டினார். துரை அதை வாங்கி, விரித்துப் பார்த்து, மடக்கிக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

பாரம் ஏறும்போது பாலம் எவ்வளவு தொய்கிறது என்று பார்க்கவேண்டும். அதற்காகக் கால்வாய்க்குள் ஒரு கட்டையை நட்டு, அதன் தலைக்கும் பாலத்தின் அடிக்கும் நூலளவு இடைவெளி விட்டிருந்தோம். அந்த இடைவெளியில் விட்டுப் பார்க்க மெல்லிசாக ஏதாவது கொடு என்றார் துரை. பையில் கையை விட்டேன். மாமாவின் கார்டுதான் இருந்தது. அதை நாலாக மடித்து நுழைத்தால் வழவழவென்று போய் வந்தது. முழுப் பாரமும் ஏறினபின் ஒற்றைக் கார்டாவது போய் வந்தால் பாலம் தேறியது, கார்டு சிக்கினால் தேறவில்லை என்று துரை சொன்னார். பார்க்க ஒரு ஆள் பாலத்துக்கு அடியில் இருக்கவேண்டும். என்னைத்தான் பார்த்தார்.

கால்வாயில் இறங்கிக் குனிந்து பாலத்துக்கடியில் போய் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஒரு முழத்தில் பாலம். மேலே முதல் மணல் மூட்டை விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சமயம் கொத்தனாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, என் பக்கத்தில் குத்தவைத்தார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. மூட்டை ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தது. நாலாக மடித்த கார்டு கொஞ்ச நேரத்தில் நுழையவில்லை. இரண்டாக மடித்து வைத்துக்கொண்டேன். மேலே உருளைக்கு மாடு பூட்டுகிற சத்தம் கேட்டது.

"ஓவர்சியர் ஐயா, ஒண்ணு சொல்லணும்," என்றார் கொத்தனார்.

"சொல்லும்வே."

"அன்னைக்கு எட்டு வட்டுன்னு சொன்னேன்லா."

"ஆமா."

"எட்டு இல்ல. பதினாறு."

பத்துக்குமேல் போனால் உள்ளே உயிர் இருக்காது என்ற மதராஸ் கடிதம் என் கண்முன்னால் வந்து நின்றது. வெளியே ஓடலாம் என்று திரும்புவதற்குள் உருளை பாலத்தின்மேல் ஏறிவிட்டது. மேலே கடகடவென்று ஒரு சத்தம், என் பிடரியில் மணல் கொட்டியது.

"ஏன்வே அப்பிடிப் போட்டீரு?" என்றேன்.

"வழக்கம் எட்டுதான். உங்க கல்யாணமே இந்தப் பாலத்துலதான் நிக்கின்னு ஊர்ல பேசிக்கிட்டாவ. கல்யாண வீட்டுக்கு இனிப்ப அளந்தா போடுவாவ?"

"இப்ப எதுக்கு உள்ள வந்தீரு?"

"போட்டவன் நான்லா. உங்கள மட்டும் எப்பிடி அடியில உக்கார விட முடியும்?"

உருளை நடுப்பாலத்தில் வந்து நின்றது. துரை மேலேயிருந்து சத்தம் கொடுத்தார். கொத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டாக மடித்த கார்டை இடுக்கில் நீட்டினேன். போனது. இழுத்தேன், வந்தது. மறுபடியும் விட்டேன், மறுபடியும் வந்தது. ஒற்றைக் கார்டு போதும் என்று துரை சொன்ன இடத்தில் இரண்டு போய் வந்தது. பெண் சுகம் என்ற எழுத்து மட்டும் உரசலில் கொஞ்சம் அழிந்திருந்தது. நான் அழுதேன். கொத்தனார் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

பதினாறு வட்டு போட்டும் பாலம் எப்படி நின்றது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. மதராஸ்காரன் கணக்குத் தப்பா, நான் கடையில் நிறுத்த வட்டு பெரிசா, முருகனா, சபையின் ஜெபமா, யார் கண்டது? துரை அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட்டில் சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு, தண்ணீர் என்றே எழுதினேன். எப்படிப்பட்ட தண்ணீர் என்று எழுத அதில் இடம் விட்டிருக்கவில்லை. துரை போனபிறகு மாமா பாலத்தின் நடுவுக்கு வந்து, மறுபடியும் குடையைத் தூக்கி முன்னைவிடப் பலமாக ஒரு குத்துக் குத்தினார். முனை முறிந்து கால்வாயில் விழுந்தது. மனுஷருக்கு முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

ஆனி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். மாமா புதுக்குடை வாங்கியிருந்தார். பந்தல் வாசலில் நின்று, வந்து இறங்கிய தேங்காய், வாழையிலைக் கட்டு, அரிசி மூட்டை எல்லாவற்றையும் முறைப்படி குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் தலையில் ஒரு ஓலைப்பெட்டி. மாமா அதை இறக்கச் சொல்லி, மூடியைக் குடைமுனையால் நீக்கி, உள்ளேயிருந்த ஒரு வட்டைக் குத்தி உடைத்து, ஒரு துண்டை வாயில் போட்டார். நான் மாலையும் கழுத்துமாக உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாலத்துல போட்டது இதானா?" என்று கேட்டார் மாமா.

"இதேதான் அண்ணாச்சி."

"எத்தன வட்டு போட்டீரு?"

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"பதினாறு," என்றார்.

மாமா இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "பெட்டியில எத்தன இருக்கு?"

"முப்பத்திரெண்டு."

மாமா குடையை மடக்கிப் பந்தக்காலில் சாய்த்து வைத்தார். பெட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு அதற்குமேல் அவர் எதையும் குத்திப் பார்க்கவில்லை.